இரண்டு ஊர், ஒரு வாக்கு

(நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ள நண்பர்கள் வாசிக்கலாம்.)

சென்ற வாரம் ஊரிலிருந்து சித்தப்பா அழைத்தார். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் எங்கள் தெருவுக்கும் வந்து வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவங்களைக் கொடுத்துச் சென்றிருக்கிறார். சித்தப்பாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. அப்பாவின் பெயரில் எதுவும் வரவில்லை.

“பழைய லிஸ்ட்டுல அண்ணன் பேரு இருக்குது பாப்பா. இப்ப இருக்கறதுல இல்லைங்கறாங்க. யாரும்மா எடுத்தது?”

எடுத்தது நான்தான். அதைச் சித்தப்பாவிடம் அப்போது சொல்லவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து இதை எழுதவேண்டும் என்றிருக்கிறது.

என் ஆய்வு கர்நாடகத்தின் 28 மக்களவைத் தொகுதிகளைப் பற்றியது. 1977 முதல் இன்றுவரை அவற்றின் தேர்தல் முடிவுகளையும், அம்முடிவுகளுக்கு அடியில் கிடக்கும் வாக்காளர் பட்டியல்களையும் சேர்த்துப் படிக்கும் முயற்சி. மேசைமேல் எப்போதும் 28 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை விரிந்திருக்கும். நான் குடியிருப்பது அவற்றுள் ஒன்றில். அடுகோடி, பி.டி.எம். லேஅவுட் சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். அது பெங்களூர் தெற்கு மக்களவைத் தொகுதியின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. பெயர்ப்பலகைகளில் கன்னடத்தார் ஆடுகோடி என்று நெடிலில் எழுதுவார்கள். எங்கள் வாயில் அது குறிலாகவே நின்றுவிட்டது.

பெங்களூர் தெற்கு ஒரு விந்தையான தொகுதி. மாநிலம் ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கம் நிற்பதை அது நெடுங்காலம் வழக்கமாகவே வைத்திருந்தது. 1977இல் வடநாடு முழுவதும் இந்திரா காந்தியைத் தூக்கியெறிந்தபோது கர்நாடகம் 28இல் 26 இடங்களைக் காங்கிரசுக்குத் தந்தது. ஜனதா வென்ற இரண்டில் ஒன்று பெங்களூர் தெற்கு. அங்கு நின்றவர் கே.எஸ். ஹெக்டே. 1973இல் தலைமை நீதிபதிப் பதவி தம்மைத் தாண்டி இளையவருக்குப் போனதும் உச்சநீதிமன்றத்தைவிட்டு விலகியவர். வென்று மக்களவைத் தலைவரானார். 1980இல் காற்று முற்றிலும் திரும்பி, காங்கிரஸ் 27 இடங்களை அள்ளிக்கொண்டது. மீதி ஒன்று டி.ஆர். ஷாமண்ணாவுக்கு, அதுவும் பெங்களூர் தெற்கில். 1977க்குப் பிறகு காங்கிரஸ் இத்தொகுதியை வென்றது ஒரே ஒருமுறை, 1989இல், முன்னாள் முதலமைச்சர் குண்டுராவை நிறுத்தியபோது. 1991 முதல் அது பாரதிய ஜனதாவின் கோட்டை. அனந்தகுமார் மட்டும் ஆறுமுறை வென்றார்.

அதைவிட எனக்குச் சுவையான கேள்வி வேறொன்று. கர்நாடக வாக்காளர் டெல்லிக்கும் விதான சௌதாவுக்கும் தனித்தனியாகத்தான் தீர்ப்பெழுதுகிறார். 1984 டிசம்பரில் காங்கிரசுக்கு 24 மக்களவை இடங்களைக் கொடுத்தார். முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே அதைத் தம் அரசுக்கு எதிரான தீர்ப்பாக ஏற்றுப் பதவி விலகி மறுதேர்தல் கேட்டபோது, 1985 மார்ச்சில் அதே வாக்காளர் அவருடைய ஜனதாவுக்கு 224இல் 139 இடங்களைத் தந்து திருப்பி அனுப்பினார். மூன்றே மாத இடைவெளி! அண்மைக் காலத்திலும் அதுவே நடந்தது. 2023 மே மாதம் காங்கிரஸ் ஏறத்தாழ 43 விழுக்காடு வாக்குகளோடு 135 சட்டமன்ற இடங்களை வென்றது. ஓராண்டு கழித்து மக்களவைத் தேர்தலில் 45 விழுக்காட்டுக்கும் சற்று மிகுதியாகவே பெற்றது. கிடைத்த இடங்கள் ஒன்பது. வாக்கு கூடி இடம் குறைந்தது. முந்தைய தேர்தலில் தனித்தனியே நின்று வாக்குகளைப் பிரித்துக்கொண்ட பாரதிய ஜனதாவும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் இம்முறை கைகோத்திருந்தன. அவற்றுக்கு 17ம் 2மாக 19 இடங்கள். அந்த ஒன்பதில் ஐந்து, பீதர் தொடங்கி பல்லாரிவரையிலான கல்யாண கர்நாடகத்தின் ஐந்து தொகுதிகள். பெங்களூரைச் சுற்றி ஒன்றும் இல்லை.

இவ்வளவு அறிந்தவள் நான். வீட்டில் ஒரு பெயரைக் காக்க இந்த அறிவு உதவவில்லை.

அப்பா 1978இல் இங்கு வந்தார். வயது 22. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கிராமம். அவர் இன்றும் தர்மபுரி ஜில்லா என்றுதான் சொல்வார். 2004இல் மாவட்டம் பிரிந்ததை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அடுகோடியில் அப்போது மைக்கோ தொழிற்சாலைதான் கடிகாரம். 2008இல் அதன் பெயர் பாஷ் என்று மாறிய பின்னும் எங்கள் தெருவில் அது மைக்கோதான். அப்பாவுக்கு அதனுள்ளே வேலை கிடைக்கவில்லை. அதுபோன்ற பெரிய ஆலைகளுக்குச் சிறு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டினார். முப்பத்து நான்கு ஆண்டுகள்.

அந்தக் காலம் முழுவதும் வாக்குக்கு ஊருக்குத்தான் போனார். தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு முந்தைய இரவுகளில் கிருஷ்ணகிரிப் பேருந்துகளில் கூட்டம் பிதுங்கும். ஓசூரைத் தாண்டும்வரை நின்றுகொண்டே போவார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் வரிசை, பிறகு தாத்தா வீட்டில் சாப்பாடு, மாலையில் திரும்பல். வாக்களிப்பது ஓர் அரசியல் செயல் என்பதைவிட, ஊர்த் திருவிழாவுக்குத் தவறாமல் தலைகாட்டுவதைப் போன்றது அது. ‘இவன் இன்னும் நம்ம ஊர்க்காரன்தான்’ என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாலுபேர் முன்னால் பெயர் வாசிக்கப்படுவது.

அடுகோடிப் பட்டியலில் அவர் ஏன் சேர்ந்தார் என்பதை நான் வளர்ந்த பிறகே கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு வழங்கியது. டிசம்பரில் அது மைய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகளின் மீது தாக்குதல் நடந்தது. அம்மாவையும் கைக்குழந்தையான அண்ணனையும் ஊரில் விட்டுவந்து அப்பா மட்டும் பட்டறையிலேயே படுத்திருந்தார். நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் கன்னடர். பூட்டிய எங்கள் கதவின் முன் நாற்காலி போட்டு இரண்டு இரவுகள் உட்கார்ந்திருந்தாராம். அல்சூர் ஏரிக்கரையில் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அந்த ஆண்டு மூடப்பட்டு, 2009 ஆகஸ்டில் திறக்கப்படும்வரை பதினெட்டு ஆண்டுகள் துணிக்குள் நின்றது எல்லோரும் அறிந்ததே.

1993இல் டி.என். சேஷன் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு அப்பா தம் பெயரையும் அம்மாவின் பெயரையும் அடுகோடியில் பதிந்தார். “இந்த ஊர்க்காரன்தான்னு சர்க்காரே எழுதிக் குடுத்த காகிதம் ஒண்ணு சட்டைப்பையில இருக்கணும்னு தோணுச்சு” என்றார் என்னிடம். ஊர்ப் பட்டியலில் இருந்த பெயரை நீக்கச் சொல்லவில்லை. ஓடவேண்டி வந்தால் போய்ச் சேர ஓர் ஊர் வேண்டும் அல்லவா? ஆக, ஒன்று இங்கே இருப்பதற்கு. மற்றொன்று திரும்பிப் போவதற்கு. என் ஆய்வுக் குறிப்புகளில் ‘இரட்டைப் பதிவு’ என்று தலைப்பிட்டிருக்கும் குற்றம் எங்கள் வீட்டில் இப்படித்தான் பிறந்தது.

குற்றம் என்பது மிகையில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறக்கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, பதிவுக்காகப் பொய்யான உறுதிமொழி தருபவருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது. அப்பா ஒரே தேர்தலில் இரண்டு இடங்களில் வாக்களித்ததில்லை. மக்களவைத் தேர்தலென்றால் ஊர். சட்டமன்றத் தேர்தலில் இரண்டு ஊரிலும். சட்டமன்றங்கள் வேறு, ஆண்டுகளும் வேறு என்பதால் அவருக்கு அது தவறாகவே படவில்லை. அவருடைய கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு மாநிலங்களிலும் வரி கட்டினார். இரண்டிலும் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்.

2024இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. பெங்களூரு உள்ளிட்ட தென் கர்நாடகத்தின் 14 தொகுதிகளுக்கு ஏப்ரல் 26. இடையே ஏழு நாள். ஓசூர் சாலையின் இருபுறமும் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஏழு நாள் இடைவெளியின் பொருள் தெரியும். விரலில் வைக்கும் அழியா மையை இந்தியா முழுமைக்கும் செய்து அனுப்புவது மைசூரிலுள்ள கர்நாடக அரசு நிறுவனம், 1937இல் மன்னர் கிருஷ்ணராஜ உடையார் தொடங்கியது. மைசூர் மை கிருஷ்ணகிரி விரலில் ஏறினால் ஏழு நாளில் இறங்காது. நான் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2023 மே 10 சட்டமன்றத் தேர்தலில் அப்பா அடுகோடியில் வாக்களித்தார். அதன் பிறகுதான் நான் தொடங்கினேன். பட்டியல் தூய்மையாக இருக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவளின் தந்தை இரண்டு பட்டியலில் இருக்கலாமா? வாழ்வது எங்கோ, அங்கே வாக்கு, அதுதானே மக்களாட்சி? சாக்கடை அடைத்தால் யாரிடம் போய் நிற்கிறீர்கள், ஊர்த் தலைவரிடமா? அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அவர் என்னிடம் தோற்கும்போதெல்லாம் சொல்லும் வாக்கியம் அது. ஏற்றுக்கொண்டார் என்று அதற்குப் பொருளில்லை. அந்த அக்டோபரில் படிவம் 7ஐ நிரப்பினேன். குடிபெயர்ந்தார் என்ற கட்டத்தில் குறியிட்டு, அப்பாவிடம் கையொப்பம் வாங்கி, ஊர்ப் பெயரை நீக்க விண்ணப்பித்தோம். நீக்கிவிட்டார்கள். அரசு வேலை இவ்வளவு விரைவாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் அந்த ஆண்டு ஜூலையில் அடுகோடிக்குள்ளேயே இரண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தோம். அதே வாக்குச்சாவடிதான் என்பதால் முகவரியை மாற்ற விண்ணப்பிக்காமல் விட்டேன். 2024 ஜனவரியில் இறுதிப் பட்டியல் வந்தபோது இன்னொரு மாவட்டத்தின் சேர்க்கை நீக்க எண்ணிக்கையைப் பதினைந்து நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். எங்கள் பாகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 26. அந்தக் கோடை பெங்களூருக்கு மறக்காது; ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த மாதங்கள். வெயிலுக்கு முன்பே போய்விடலாம் என்று ஏழரை மணிக்கே அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார். நெடுங்காலத்துக்குப் பின் ஊருக்குப் போகாத மக்களவைத் தேர்தல் அவருக்கு. சாவடியின் வெளியே கட்சிக்காரர்களின் மேசையில் ஓர் இளைஞர் பட்டியலைப் புரட்டினார். கன்னடத்தில் அச்சிட்ட பட்டியல். எங்கள் பெயர்கள் அதில் எப்போதுமே சற்று உருமாறித்தான் இருக்கும். அப்பாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. கன்னடம் தன் பழைய ழகரத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்டதால் அவர் இங்கே ளகரம் ஆனவர். இரண்டு பட்டியல்களில் இரண்டு எழுத்துகளோடு வாழ்ந்த மனிதர்.

என் பெயர் இருந்தது. அண்ணன் பெயர் இருந்தது. அப்பாவின் பெயர் இல்லை. இளைஞர் மேலும் கீழும் விரலை ஓட்டிவிட்டு, “அம்மா பெயர் இதுதானே?” என்று கேட்டார்.

அம்மா 2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் போனார். 58 வயது. பட்டியலில் அம்மாவின் பெயர் இருந்தது. கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரும் இருந்தது. வயது 60.

பட்டியலின் ஒவ்வொரு பதிப்பிலும் தகுதிநாள் அடிப்படையில் வயதைக் கணினி தானாகவே கூட்டிக்கொள்ளும். இதை ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன். தாளில் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியைக் குனிந்து படித்தார். கன்னடம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

உள்ளே தலைமை அலுவலர் நல்ல மனிதர். பட்டியலில் பெயர் இல்லாதவரை அனுமதிக்க அவருக்கு அதிகாரமில்லை. ஒருவர் வாக்கை இன்னொருவர் போட்டுவிட்டால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தர விதியில் இடமுண்டு. பெயரே இல்லாதவருக்கு எதுவுமில்லை. அட்டையைக் காட்டினார் அப்பா. 1994க்குப் பிறகு ஒருமுறை மாற்றிய அட்டை. அட்டை அடையாளத்துக்குத்தான், உரிமை பட்டியலில்தான் இருக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அதையும் நான் மாணவர்களுக்கு வகுப்பில் சொல்வதுண்டு.

நான் வாக்களித்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்பாதான், “நீ போய்ப் போட்டுட்டு வா, வரிசை நீளுது” என்று தள்ளிவிட்டார். திரும்பும் வழியில் ஓர் உணவகத்தின் முன் கூட்டம். அந்தத் தேர்தலில் மை வைத்த விரலைக் காட்டினால் தோசை இலவசம் என்று நகரத்தின் சில உணவகங்கள் அறிவித்து, உயர்நீதிமன்றமும் அனுமதித்திருந்தது. அப்பா பலகையைப் படித்துவிட்டு, “உனக்கு மட்டும் தருவாங்க. எனக்குக் காசு” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பெயர் எப்படிப் போயிற்று என்று பிறகு அலுவலகத்துக்கு நான்குமுறை நடந்தேன். ‘குடிபெயர்ந்தவர்’ என்று நீக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு அனுப்பினோம், பதிலில்லை என்றார்கள். அனுப்பியது பழைய வீட்டுக்கு. நீக்கும் முன் விளக்கமளிக்க வாய்ப்புத் தரவேண்டும் என்பது 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதி. வாய்ப்பு தரப்பட்டது, பூட்டியிருந்த வீட்டின் கதவிடுக்கில் தரப்பட்டது. ஒத்த விவரங்களும் ஒத்த படங்களும் உள்ள பதிவுகளைக் கணினி சேர்த்துக் காட்டும் முறை ஒன்று உண்டு. ஊரில் நான் கொடுத்த படிவத்துக்கும் இங்கே நிகழ்ந்ததற்கும் தொடர்புண்டா என்று கேட்டேன். மேசைக்கு அப்பாலிருந்தவர் தோளைக் குலுக்கினார். வீடு மாறியதைத் தெரிவிக்காதது எங்கள் பிழை என்பதை அவர் நினைவூட்டினார். அது உண்மை. இறந்தவர் பெயர் இருக்கிறதே என்றேன். “நீங்கள் படிவம் கொடுத்தீர்களா?” என்றார். அதுவும் உண்மைதான், கொடுக்கவில்லை.

ஜூன் 4 அன்று முடிவுகள் வந்தன. பெங்களூர் தெற்கில் தேஜஸ்வி சூர்யா, சௌம்யா ரெட்டியை இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். தொகுதியில் 23 லட்சத்துக்கு மேல் வாக்காளர். வாக்களித்தவர் ஏறத்தாழ 53 விழுக்காடு. மண்டியாவில் 81 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடி, “என் ஒரு வோட்டுல என்ன ஆயிருக்கும்?” என்றார். என்னைத் தேற்றத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் நான் எண்களைச் சொல்லத் தொடங்கினேன். அது என் நோய். இதே சௌம்யா ரெட்டி, ஓராண்டுக்கு முன் பக்கத்துத் தொகுதியான ஜெயநகரில் மறு எண்ணிக்கைக்குப் பின் 16 வாக்குகளில் தோற்றவர். 2004இல் சந்தேமரஹள்ளியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751 வாக்குகள் பெற்றார், துருவநாராயணா 40,752. ஒரே வாக்கு. கிருஷ்ணமூர்த்தியின் ஓட்டுநருக்கு அன்று சாவடிக்குப் போக நேரம் கிடைக்கவில்லை என்பது கர்நாடகத்தில் பலரும் சொல்லும் கதை. அந்தத் துருவநாராயணாவே பின்னர் சாமராஜநகரில் இருமுறை மக்களவைக்குப் போய், 2019இல் 1,817 வாக்குகளில் தோற்றார். சந்தேமரஹள்ளித் தொகுதியே 2008 மறுவரையறையில் வரைபடத்திலிருந்து போய்விட்டது. அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த டிரைவரு அப்புறம் என்ன ஆனாரு?” என்றார். தெரியாது என்றேன். என் அட்டவணையில் ஓட்டுநர்களுக்குக் கட்டமில்லை.

ஒரு வாக்கின் எடை என்பதே ஊருக்கு ஊர் மாறுவது. 2024இல் பெங்களூர் வடக்கில் 32 லட்சம் அளவில் வாக்காளர். உடுப்பி சிக்கமகளூரில் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் ஆளுக்கோர் உறுப்பினர். அதாவது நகரத்து வாக்கு பாதி எடை. கர்நாடகத்துக்கு 28 என்ற எண் 1976இன் 42ஆம் திருத்தத்தால் உறைந்தது. 2026க்குப் பின் வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை அந்த உறைவை 84ஆம் திருத்தம் நீட்டியது. மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் நீதிபதி குல்தீப் சிங் ஆணையம் மாற்றியது. அந்தப் புதிய எல்லைகளோடு நாட்டில் முதன்முதலில் தேர்தல் நடந்ததும் கர்நாடகத்தில்தான், 2008 மே மாதம். பி.டி.எம். லேஅவுட் என்ற தொகுதி பிறந்ததும் அப்போதுதான். அமெரிக்காவில் இந்த எல்லைகளைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றங்களே வரைகின்றன. 2025இல் டெக்சாஸ் பத்தாண்டின் நடுவிலேயே கோடுகளைத் திருத்த, பதிலுக்குக் கலிபோர்னிய மக்கள் நவம்பர் 4 அன்று வாக்களித்துத் தங்கள் கோடுகளைத் திருத்திக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கணக்கீட்டுப் படிவம் வரத் தொடங்கிய அதே நாள். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்ற ஒன்றே கிடையாது என்று அப்பாவிடம் சொன்னேன். “அங்க எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும் போல” என்றார்.

2024இன் பிற்பகுதியில் படிவம் 6 கொடுத்து, அப்பாவை அடுகோடியில் மீண்டும் சேர்த்தேன். 68 வயதில் புதிய வாக்காளர். இப்போது அங்கே இருக்கிறார். ஜனவரியில் நானே திறந்து பார்த்தேன். ளகரம்தான்.

இனிச் சித்தப்பாவிடம் சொல்லவேண்டியது. தமிழ்நாட்டில் இத்திருத்தத்துக்கு இருபதாண்டுக்கு முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பழைய பட்டியலில் அப்பா இருக்கிறார், நாற்பதுகளில், ழகரத்தோடு. தம்பி அதன் படத்தை அனுப்பினான். தாத்தா, பாட்டி, அப்பா, சித்தப்பா என்று ஒரே கதவெண்ணின் கீழ் நான்கு வரிகள். இன்றைய பட்டியலில் அதே கதவெண்ணில் சித்தப்பாவின் குடும்பம் மட்டும். கர்நாடகம் இந்தச் சுற்றின் பன்னிரண்டில் இல்லை. நாளை இங்கும் வந்தால், தம்மை யாரென்று நிறுவ அப்பா எந்தப் பழைய தாளைக் காட்டுவார்? இரட்டைப் பதிவு என்று நான் வெட்கப்பட்ட அதே காலத்துத் தாளைத்தான்.

நேற்றிரவு சித்தப்பாவை அழைத்து, நான்தான் எடுக்கவைத்தேன் என்று சொன்னேன். வைவார் என்று எதிர்பார்த்தேன். “அண்ணன் ஒத்துக்கிச்சா?” என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டார் என்றேன். “சரி. பொங்கலுக்காவது வரச் சொல்லு. போன தடவையும் வரல” என்றார். அந்த வாக்குப்பதிவுக்குப் பின் அப்பா ஊருக்கு ஒருமுறைகூடப் போகவில்லை என்பது அவர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. பேருந்துக்குப் போகிற வயதா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் இறப்புச் சான்றிதழ் நகலோடு படிவம் 7 ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதே தொகுதியின் வாக்காளர் யாரும் அதைக் கொடுக்கலாம் என்பதால் அப்பாவின் கையொப்பம் தேவையில்லை, என்னுடையது போதும். ஒருமுறை எடுத்து அவர் முன் வைத்தேன். “இப்ப என்ன வயசு போட்டிருக்கு அவளுக்கு?” என்று கேட்டார். 61 என்றேன். “சரி, இருக்கட்டும்” என்று சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினார். அது நடந்து பத்து மாதமாகிறது. 28 கட்டங்கள் கொண்ட அட்டவணையின் அடியில் அந்தப் படிவம் இன்னும் கையொப்பமின்றியே கிடக்கிறது.